கூன் அல்ல, முறிவு

நம் தெருக்களில் 60 வயதைத் தாண்டிய பெண்கள் பலருக்கு முதுகு வளைந்திருக்கும். குனிந்து நடவு நட்டு, குனிந்து களை பறித்து வளைந்துபோன முதுகு என்று மேடைகளில் பேசியிருக்கிறோம். ஆண்டைக்குக் குனிந்த முதுகு என்று துண்டறிக்கையில் எழுதியும் இருக்கிறோம். தமிழ் படித்தவர்கள் அல்லவா, உவமை கிடைத்தால் விடமாட்டோம். எங்கள் பெரியம்மாவின் எக்ஸ்ரே படத்தை எலும்பு மருத்துவர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிய அன்றுதான் உறைத்தது. அது உவமை இல்லை, முறிவு. முதுகுத்தண்டில் இரண்டு எலும்புகள் நசுங்கிக் கிடந்தன.

அவர் எங்கும் விழவில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது முதுகில் சுளீர் என்றதாம். வாயுப் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்தார்கள். பிறகு பக்கத்து ஊரில் ஊசி போடுபவரிடம் போனார்கள். இரண்டு நாள் வலி இல்லை. மூன்றாம் நாள் திரும்ப வந்தது, மறுபடி ஊசி. இப்படியே இரண்டு வருடம்.

மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் கிராமங்களில் 'டெக்சா' போடுகிறார்களே, அது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. வலியை அமுக்கும். அடிக்கடி போட்டால் நாளடைவில் எலும்பையே பலவீனமாக்கும். எலும்பின் அடர்த்தியை அளக்கிற ஸ்கேனுக்கும் டெக்சா என்றுதான் பெயர். எலும்பை அரிக்கிற டெக்சா ஊருக்கு ஊர் கிடைக்கிறது. அரித்ததைக் காட்டுகிற டெக்சாவுக்கு நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டும்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, கர்ப்பப்பை எடுத்தது எந்த வயதில் என்பது. 32இல். சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்திருந்தார்கள். ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, கேட்கிற துணிச்சலும் அப்போது நம் வீடுகளில் இல்லை.

வயலில் வருடா வருடம் வரப்பை வெட்டி அண்டை கட்டுகிறோம். உடம்புக்குள் எலும்புக்கும் அதே வேலை நடக்கிறது. பழையதைக் கரைக்கச் சில செல்கள், புதிதாகக் கட்டச் சில செல்கள். கரைப்பது மிஞ்சிப்போகாமல் பார்த்துக்கொள்வது சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். மாதவிலக்கு நின்றதும் அது குறைகிறது. சினைப்பையை எடுத்துவிட்டாலோ ஒரே நாளில் போய்விடுகிறது. பிறகு வெட்டுவது மிகுந்து கட்டுவது பிந்துகிறது. இதற்குத்தான் எலும்புப்புரை என்று பெயர். மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. கேழ்வரகும் கீரையும் நல்லவைதான், விடாமல் சாப்பிட வேண்டும். ஆனால் எலும்பு முறிந்த பிறகு கூழ் மட்டும் போதாது.

பெரியம்மாவுக்கு எழுதிக் கொடுத்த மருந்து சோலெட்ரானிக் ஆசிட். வருடத்துக்கு ஒருமுறை, 5 மில்லிகிராம், நரம்பு வழியாகக் குறைந்தது 15 நிமிடம் மெதுவாக ஏற்றுவார்கள். எலும்பில் போய் ஒட்டிக்கொண்டு, கரைக்கிற செல்களை முடக்குகிற மருந்து. 2007இல் வெளியான பெரிய ஆய்வில், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு மூன்று வருடம் இதைப் போட்டபோது முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பெலும்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. எங்கள் தாலுகா மருத்துவமனையில் இருப்பு இல்லை, வெளியே வாங்கி வாருங்கள் என்றார்கள். பல நாள் நடவுக் கூலி அதற்குப் போனது.

போட்ட அன்று இரவு காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி. முதல் ஊசிக்குப் பலருக்கு இப்படி வரும், பாராசிட்டமால் போட்டால் இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும், அடுத்தடுத்த வருடம் இவ்வளவு இருக்காது. இதை முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லாததால் 'ஊசி ஒத்துக்கல' என்று தெரு முடிவு கட்டியது. அடுத்த வருடம் பெரியம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். நாங்களும் ஊர்வலம், கூட்டம் என்று இருந்துவிட்டோம். அந்த வருடம்தான் மூன்றாவது எலும்பும் நசுங்கியது.

வேறு ஊசிகளும் உண்டு. டெனோசுமாப் தோலுக்கடியில் 6 மாதத்துக்கு ஒருமுறை போடுவது. இதில் நம் மக்களுக்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. தேதி தவறினாலோ நடுவில் நிறுத்தினாலோ, அடங்கியிருந்த கரைப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பி, முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறியலாம். தை பிறந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இதைத் தொடங்கும் முன், அடுத்த ஊசி எங்கே, யார் போடுவார்கள் என்று மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். நிறுத்த நேர்ந்தால் வேறு மருந்துக்கு மாற்றிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். டெரிபாரடைட் என்பது எலும்பைக் கட்டுகிற மருந்து. தினமும் நாமே குத்திக்கொள்ள வேண்டும், 2 வருடம் வரை. குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும், விலையும் அதிகம்.

எந்த ஊசியானாலும் முதலில் ரத்தப் பரிசோதனை. கால்சியமும் வைட்டமின் டியும் குறைந்திருந்தால் அவற்றைச் சரிசெய்த பிறகே ஊசி. நாம் 'உப்பு' என்று சொல்கிற கிரியாட்டினினையும் பார்க்க வேண்டும். கடையில் வாங்கிய வலி மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கலாம். அப்படிக் கெட்டவர்களுக்குச் சோலெட்ரானிக் ஆசிட் ஆகாது, டெனோசுமாப் கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடவும் கூடும். வெற்றிலை போட்டுப் போட்டுப் பல் ஆடுகிறதா? பிடுங்க வேண்டியதை ஊசிக்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். ஊசி போட்ட பின் பல் பிடுங்கினால் அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் நம் வாசலுக்கே வருகின்றன. அதே பணியாளர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் போதும். உயரம் குறைந்ததா? கர்ப்பப்பை எப்போது எடுத்தீர்கள்? இதையும், வருடாந்திர ஊசி தாலுகா மருத்துவமனையிலேயே விலையின்றி இருப்பில் இருக்க வேண்டும் என்பதையும் எழுதி, ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்திருக்கிறோம். ரசீது எண் கையில் இருக்கிறது.

பெரியம்மாவுக்கு அடுத்த ஊசி வரும் வியாழக்கிழமை. கல்லூரி படிக்கும் பேத்தி நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'பாராசிட்டமால் வாங்கணும்' என்று எழுதி வைத்திருக்கிறாள்.