ஒளியால் செதுக்கும் லேசர்

ஒரு பொருளின் மேற்பரப்பை லேசர் ஒளியால் ஆவியாக்கி, மெல்லிய அடுக்குகளாக அகற்றும் முறையே லேசர் நீக்கம். இதில் பெரும்பாலும் ஒளி தொடர்ந்து பாய்வதில்லை. நொடியின் மிகமிகச் சிறு பங்கு நேரமே நீடிக்கும் துடிப்புகளாக விழுகிறது. துடிப்பின் ஆற்றல் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், வெப்பம் சுற்றிலும் பரவுவதற்குள் அந்த இடம் ஆவியாகிவிடும். தாண்டாவிட்டால் பொருள் சூடாவதோடு சரி.

இரும்பில் துரு நீக்க இது கைகொடுக்கிறது. துரு ஒளியை நன்றாக உறிஞ்சும்; அடியிலுள்ள உலோகமோ அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் துரு மட்டும் புகையாகக் கிளம்புகிறது. மணல் வீச்சோ அமிலமோ தேவையில்லை. புகையை உறிஞ்சுகுழாய் இழுத்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக்கிற்குப் புறஊதா லேசர் ஏற்றது. அது பிளாஸ்டிக்கைக் கருக்காமல் செதுக்கும் என்பதை, 1980களின் தொடக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசனும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்தனர். இன்க்ஜெட் பிரின்டரில் மை தெறிக்கும், தலைமுடியைவிட நுண்ணிய துளைகள் பல இம்முறையில் போடப்படுபவை. மின்சுற்றுப் பலகைகளில் நுண்துளையிடவும், உலோகப் பாகங்களில் எண் பொறிக்கவும் லேசர் நீக்கம் பயன்படுகிறது.