முதுகெலும்பும் நரம்பும்: கைவைக்குமுன் அறிய வேண்டியவை

நாளெல்லாம் கணினியின் முன் அமர்ந்திருந்துவிட்டு எழும்போது, இடுப்பை ஒருமுறை திருப்பி நெட்டி முறிப்பது நம்மில் பலருக்கும் வழக்கம். ‘சடக்’ என்ற ஓசை கேட்டதும் ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டதாக மனம் நம்புகிறது. இந்த நம்பிக்கையின் தூண்டுதலால்தான், முதுகுவலிக்காரர்கள் பலர் இன்று ‘கைரோபிராக்டிக்’ என்னும் சிகிச்சை முறையை நாடிச் செல்கின்றனர். நொடிப்பொழுதில் வலி தீர்வதாகக் காட்டும் காணொளிகள் நம் கைபேசிகளிலும் நாள்தோறும் வந்து விழுகின்றன. முதுகெலும்புக்கும் நரம்புக்கும் உள்ள உறவைச் சரியாக அறிந்துகொண்டால், இச்சிகிச்சை எங்கே பயன்படும், எங்கே ஆபத்தாகும் என்பது தெளிவாகும்.

அடுக்கி வைத்த எலும்புகள்

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. 33 முள்ளெலும்புகளின் அடுக்கு. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என 24 எலும்புகள் அசையக்கூடியவை. அவற்றுக்குக் கீழே ஐந்து எலும்புகள் ஒன்றிணைந்து திரிக எலும்பாகவும், நான்கு இணைந்து வாலெலும்பாகவும் அமைந்துள்ளன. அசையும் எலும்புகளுக்கு இடையே, அதிர்வைத் தாங்கும் மெத்தைபோல் வட்டுகள் உள்ளன. பேச்சுவழக்கில் ‘டிஸ்க்’ என்றும் ‘ஜவ்வு’ என்றும் நாம் சொல்வது இவற்றைத்தான்.

இந்த அடுக்கின் நடுவே செல்லும் குழாய் போன்ற பாதையில் தண்டுவடம் பாதுகாப்பாக இறங்குகிறது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைத்து, எலும்புகளுக்கு இடையேயுள்ள துளைகள் வழியே வெளியேறுகின்றன. இடுப்பின் மேற்பகுதியிலேயே தண்டுவடம் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால்போல் தொங்கும் நரம்புக்கற்றைதான் கால்களையும், சிறுநீர்ப்பையையும், மலக்குடலையும் ஆள்கிறது. வட்டு பிதுங்கி இந்நரம்புகளில் ஒன்றை அழுத்தினால், கோளாறு இடுப்பில் இருக்க, வலி பின்தொடை வழியாகக் கணுக்கால்வரை பாயும். இதையே ‘சியாட்டிகா’ என்கிறோம்.

ஒரு துப்புரவுப் பணியாளரும் ஒரு புதிய முறையும்

1895ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள டாவன்போர்ட் நகரில், டேனியல் டேவிட் பால்மர் என்பவர் ஹார்வி லில்லார்டு என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்து, அவர் இழந்திருந்த கேட்கும் திறனை மீட்டதாக அறிவித்தார். கைரோபிராக்டிக் பிறந்தது அப்போதுதான். ‘கை’, ‘செயல்’ ஆகிய பொருள்தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து அப்பெயர் வந்தது. முள்ளெலும்புகள் இடம் பிசகி நரம்புகளை நெருக்குவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது பால்மரின் கொள்கை.

அக்கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. செவிக்குரிய நரம்பு மூளையிலிருந்து நேரே காதுக்குச் செல்வது. முதுகெலும்பின் வழியே அது வருவதே இல்லை. அந்தச் ‘சடக்’ ஓசையும் எலும்பு இடம் சேரும் ஓசையன்று. 2015இல் கனடா ஆய்வாளர்கள் விரல் மூட்டுகளை இழுத்து, அவை சொடுக்கும் கணத்தை எம்.ஆர்.ஐ. கருவியில் படம்பிடித்தனர். மூட்டுத் திரவத்தில் திடீரென ஒரு வாயுக்குழி தோன்றும்போதே ஓசை எழுவதை அப்படங்கள் காட்டின.

எனினும், இம்முறை முற்றிலும் பயனற்றதன்று. தனியான நோய்க் காரணம் ஏதும் புலப்படாத நாட்பட்ட இடுப்புவலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. உடற்பயிற்சி முதலியவற்றோடு, முதுகெலும்பைக் கையால் இயக்கும் சிகிச்சையும் அதில் இடம்பெற்றுள்ளது. தசைப்பிடிப்பும் மூட்டு இறுக்கமும் உள்ளவர்களுக்குத் தேர்ந்த கை ஆறுதல் தரலாம். நரம்பு நசுங்கி வலுவிழக்கும் நிலை இதனின்று வேறானது.

வலி குறைந்தபோது வந்த ஆபத்து

நாம் பணியாற்றிய கிளையொன்றில் காசாளராக இருந்த நண்பருக்கு இடுப்பிலிருந்து வலக்கால்வரை வலி பாய்ந்தது. பரிசோதனை ஏதுமின்றி, பன்னிரண்டு அமர்வுகளுக்கு முன்பணம் கட்டி அவர் சிகிச்சையைத் தொடங்கினார். ஆறாவது அமர்வின்போது வலி வெகுவாகக் குறைந்திருந்தது. அவரும் மகிழ்ந்தார், நாமும் மகிழ்ந்தோம். ஆனால், நடக்கும்போது வலக்காற்செருப்பு தானாகவே கழன்றது. ஒருநாள் கழன்றதை அறியாமலே படியேறிவிட்டார். அதைக் கண்ட காவலர்தான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

நரம்பியல் மருத்துவர் அவரைக் குதிகாலால் நடக்கச் சொன்னார், முன்பாதம் மேலெழவில்லை. வலி குறைந்தது நரம்பு குணமானதால் அன்று, அது மரத்துப்போனதால். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலி நீங்கியது. பாதத்தின் வலிமை முழுமையாகத் திரும்பவில்லை. இன்றும் அவர் காலில் தாங்குபட்டை அணிந்தே நடக்கிறார்.

நரம்பு பேசும் மொழி வலி மட்டுமன்று. மரத்துப்போதலும் வலுவிழத்தலும் அதனினும் கடுமையான எச்சரிக்கைகள். கீழ்க்கண்டவற்றுள் ஒன்று இருந்தாலும் எவரையும் முதுகில் கைவைக்க விடாமல், தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும்:

• சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல் அல்லது சிறுநீர் கழிக்க இயலாமை
• தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வு மரத்தல்
• கை, கால்களில் வலுவிழப்பு. பாதத்தை உயர்த்த முடியாமை
• முதுகுவலியோடு காய்ச்சல் அல்லது காரணமற்ற எடைக் குறைவு
• கீழே விழுந்தபின் அல்லது விபத்துக்குப்பின் தோன்றிய வலி
• புற்றுநோய் இருந்தவர்களுக்கும் எலும்புத் தேய்வு உள்ளவர்களுக்கும் புதிதாக வரும் முதுகுவலி

முதலிரண்டும் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசர நிலைகள். விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

கழுத்தில் கூடுதல் கவனம் தேவை. முடிதிருத்தியபின் கழுத்தைத் திருகி நெட்டி முறிக்கும் பழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் உண்டு. திடீர்த் திருகலால் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்படக்கூடும். அரிதே எனினும், நேர்ந்தால் இழப்பு பெரிது. ‘வேண்டாம்’ என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

ஆயுஷ் அமைச்சகத்தின்கீழ் வரும் மருத்துவ முறைகளில் கைரோபிராக்டிக் இடம்பெறவில்லை. ஆகவே, சிகிச்சையளிப்பவர் எங்கே, எத்தனை ஆண்டுகள் பயின்றார் என்பதைக் கேட்டறியும் பொறுப்பு நம்முடையதே. கால்களின் வலிமையையும் உணர்வையும் சோதிக்காமலே அழுத்தத் தொடங்குபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் முதுகைச் சரிசெய்தால் தீரும் என்பவரை நம்பி மருந்துகளை நிறுத்திவிடாதீர்கள். பல அமர்வுகளுக்கு ஒருசேரப் பணம் கட்ட வற்புறுத்தினால், ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடாத நிதானத்தை இங்கும் கடைப்பிடியுங்கள். மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள், மருத்துவமனையில் தங்காமல் பெறும் இத்தகைய சிகிச்சைக்குத் தங்கள் திட்டத்தில் இடமுண்டா என்று முன்னரே பார்த்துக்கொள்வது நல்லது.

சாதாரண இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அதுவரை படுக்கையிலேயே கிடப்பதைவிட, இயன்ற அளவு நடமாடுவதே நலம் தரும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பதும், கணினித் திரையைக் கண்மட்டத்தில் வைப்பதும், முழங்காலை மடக்கிச் சுமை தூக்குவதும் செலவில்லாத காப்பீடுகள்.

நம் காசாளர் நண்பரிடம் இன்று யாரேனும் முதுகுவலி என்று சொன்னால், வலி எவ்வளவு என்று அவர் கேட்பதில்லை. ‘செருப்பு காலில் நிற்கிறதா?’ என்றுதான் முதலில் கேட்கிறார்.