அடிபட்ட பிறகு – 5: ஸ்கேன் நார்மல், ஆள்?

2019 ஆகஸ்ட் 17, லார்ட்ஸ் மைதானம். ஆஷஸ் இரண்டாவது டெஸ்ட்டின் நான்காம் நாள். ஸ்டீவ் ஸ்மித் 80 ரன்னில் ஆடிக்கொண்டிருந்தார். ஜோஃப்ரா ஆர்ச்சர் மணிக்கு 148 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசிய பவுன்சர், ஹெல்மெட் மறைக்காத கழுத்துப் பகுதியில், காதுக்குக் கீழே தாக்கியது. ஸ்மித் சரிந்து விழுந்தார். பிறகு எழுந்து தன் காலாலேயே நடந்து வெளியே போனார். மருத்துவர்கள் நடத்திய சோதனைகளில் தேறினார். ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வந்து மட்டையைப் பிடித்து, 92 ரன்னில் ஆட்டமிழந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

மறுநாள் காலை தலைவலியும் மந்தமுமாக எழுந்தார். அணி அவரை ஆட்டத்திலிருந்து விலக்கியது. தலையில் அடிபட்ட வீரருக்கு மாற்று வீரரை இறக்கலாம் என்ற ஐசிசி விதி அந்த மாதம் 1-ம் தேதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி ஸ்மித்துக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் ஆடினார். டெஸ்ட் வரலாற்றில் அப்படி இறங்கிய முதல் ஆள் அவர்தான். லீட்ஸில் நடந்த அடுத்த டெஸ்ட்டிலும் ஸ்மித் ஆடவில்லை. அதற்கடுத்து மான்செஸ்டரில் 211 அடித்தார்.

அந்த 211-ஐப் பலருக்கும் நினைவிருக்கும். எனக்கு அதைவிட முக்கியம், அடிபட்ட மாலைக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில் இருந்த அந்த ராத்திரி. மூளை அதிர்ச்சி எப்போதும் உடனே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. உலகின் முதல்தர ஆட்டக்காரரையே, பக்கத்தில் மருத்துவர்கள் இருக்கும்போதே, அது ஏமாற்றிவிட்டது. அப்படியிருக்க, பைக்கின் பின்சீட்டிலிருந்து விழுந்து, புழுதியைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்லைங்க" என்று கிளம்பிவிடும் நம் ஊர்ப் பெண்களை நினைத்துப் பாருங்கள்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஓர் ஆசிரியை அப்படித்தான் விழுந்தவர். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை. கணவர் தலையில் ஹெல்மெட் இருந்தது, இவர் தலையில் இல்லை. சில நிமிடம் என்ன நடந்தது என்றே நினைவில்லை. மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்து, ஒருநாள் வைத்திருந்து, நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதில் தவறேதும் இல்லை. மூன்றாவது வாரம் என் முன்னால் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர்தான் பேசினார்: "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைனு சொல்லிட்டாங்க டாக்டர். ஆனா குக்கர் விசில் அடிச்சா அழுவுறா. எங்கம்மா, இவ வேலைக்குப் போகப் பயந்துக்கிட்டு நடிக்கிறான்னு நினைக்கிறாங்க."

ஆசிரியை தலை நிமிராமல் ஒன்றே ஒன்று சொன்னார். "ஒரு பேப்பரைத் திருத்த உக்காந்தா, அதே ஸ்டெப்பை மூணு தடவை படிக்கிறேன் டாக்டர். நாலாவது தடவையும் மனசுல நிக்கலை."

அவர் நடிக்கவில்லை.

நம் மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடை. மண்டையோட்டுக்குள் நீர் சூழ மிதந்துகொண்டிருக்கிறது. தலை தரையில் மோதினால் மண்டையோடு நின்றுவிடும்; உள்ளே மூளை உடனே நிற்காது, அசையும், திருகும். அதில் மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. எலும்பில் விரிசல் விழுந்திருந்தாலோ ரத்தம் கசிந்திருந்தாலோ சி.டி. ஸ்கேனில் தெரியும். இழுபட்ட இழை தெரியாது. இழுபட்ட செல்களில் என்ன நடக்கிறது என்பதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கீசாவும் டேவிட் ஹோவ்டாவும் 2001-ல் தொகுத்து எழுதினார்கள். செல்லுக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது. கால்சியம் உள்ளே நுழைகிறது. எல்லாவற்றையும் பழையபடி அதனதன் இடத்தில் சேர்க்க, செல்கள் குளுக்கோஸை அள்ளி எரிக்கின்றன. அந்த நேரம் பார்த்து மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைகிறது. செலவு கூடி வரவு குறைந்த இந்த நிலை நாள்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு வாரக்கணக்கிலும்.

கரன்ட் போன வீட்டில் இன்வெர்ட்டர் ஓடுவதுபோல என்று அந்தக் கணவருக்குச் சொன்னேன். ஃபேனும் ஒரு லைட்டும் ஓடும். மிக்ஸியைப் போட்டால் மொத்தமும் நின்றுவிடும். நாற்பது பிள்ளைகள் சலசலக்கும் வகுப்பறையில் கரும்பலகையையும் பார்த்து, பின்பெஞ்சையும் கவனித்து, அடுத்த வரியையும் யோசிப்பது மிக்ஸி போடுகிற வேலை.

டிஸ்சார்ஜ் தாளில் 15/15 என்று ஒரு மதிப்பெண் இருக்கும். 1974-ல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் அது. கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை போடுவது. 13-ஓ அதற்கு மேலோ எடுத்தால் லேசான காயம் என்ற கணக்கு. அந்த நேரத்தில் நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. அடுத்த மாதம் நீங்கள் பேப்பர் திருத்த முடியுமா என்பதை அது அளப்பதில்லை. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தரும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கியது. மனதாரப் பாராட்டவேண்டிய திட்டம். ஆனால் நான் பேசிக்கொண்டிருக்கும் மனிதர்களின் கஷ்டம் பெரும்பாலும் 49-வது மணி நேரத்தில்தான் தொடங்குகிறது. அப்போது அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். கையில் இருப்பது நார்மல் என்று எழுதிய ஒரு தாள்.

மேலே போகும்முன் ஒரு எச்சரிக்கை. வீட்டுக்கு வந்த பிறகு தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதானாலோ, எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வயதானவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அவர்களுக்கு வாரங்கள் கழித்தும் மண்டைக்குள் ரத்தம் சேரலாம். மற்றபடி, மருத்துவர் பரிசோதித்து அனுப்பிய ஒருவரை "தூங்க விடக்கூடாது" என்று விடியவிடிய உலுக்கிக்கொண்டிருப்பது வேண்டாம். தூக்கம்தான் அந்த மூளைக்கு வேண்டியது.

சரி, ஓய்வு எவ்வளவு? இதில்தான் மருத்துவ உலகமே தன் பேச்சை மாற்றிக்கொண்டிருக்கிறது. இருட்டறை, போன் கிடையாது, டிவி கிடையாது, படுத்தே இரு என்று ஒரு காலத்தில் சொன்னோம். 2015-ல் வெளியான, அமெரிக்காவின் விஸ்கான்சினில் இளையவர்களிடம் நடந்த ஆய்வில், ஐந்து நாள் முழு ஓய்வில் இருந்தவர்கள், ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் மெல்ல நடமாடியவர்களைவிட அதிக உபாதைகளைச் சொன்னார்கள். 2019-ல் பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெட்டி குழு இன்னொரு படி போனது. அடிபட்ட சில நாள்களிலேயே, உபாதை கிளம்பாத அளவுக்கு உடற்பயிற்சி செய்த பதின்வயதினர் நடுக்கணக்கில் 13 நாளில் தேறினார்கள். வெறும் தசைநீட்டல் மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ நிபுணர்களும் இதையே உறுதிப்படுத்தினார்கள். ஓரிரு நாள் வேலையைக் குறைத்து, திரையைக் குறைத்து இருங்கள். பிறகு நடக்கத் தொடங்குங்கள். தலைவலி பத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் கூடாமல், ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள்.

ஆசிரியைக்கு மாமியார் வீட்டில் கிடைத்தது இரண்டில் ஒன்றுதான்: ஒன்று முழு வேலை, இல்லையென்றால் முழுப் படுக்கை. நடுவில் ஒரு வழி இருப்பதை யாரும் சொல்லித்தரவில்லை.

அவரைச் சோதித்தபோது மூளை அதிர்ச்சி என்ற ஒரே பெயரில் மூன்று வேறு தொல்லைகள் இருந்தன. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுழல்கிறது என்றார். அது உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் அடிபட்டதில் இடம் மாறியதால் வருவது. எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறைப்படி, படுக்கவைத்துத் தலையை நான்கு நிலைகளில் திருப்பி எழுப்பினால் அவை பழைய இடத்துக்குப் போய்விடும். சில நிமிட வேலை. இரண்டாம் முறை செய்ததும் சுழற்சி நின்றது. மூன்று வாரமாக அவர் வலப்பக்கம் திரும்பிப் படுத்ததே இல்லை.

இரண்டாவது, கண்ணும் காதும் ஒத்துப்போகாத தடுமாற்றம். அதற்குப் பயிற்சி உண்டு. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, நகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமுமாக அசைப்பது. முதல் நாள் அவரால் பத்து விநாடிகூடத் தாங்க முடியவில்லை. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது தொல்லையை அவரே வளர்த்துக்கொண்டிருந்தார். தலைவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையைத் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தார். மாதத்தில் பாதிநாள் வலிமாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை நிலைக்க வைத்துவிடும். அதைப் படிப்படியாக நிறுத்தினோம்.

எனக்குப் பெரிய வேலையாக இருந்தது மருத்துவச் சான்றிதழ்தான். 'ஒரு மாதம் முழு ஓய்வு' என்று எழுதுவது சுலபம். அலுவலகங்களுக்கும் அதுதான் புரியும். நான் அப்படி எழுதவில்லை. முதல் இரண்டு வாரம் தினம் இரண்டு பீரியட், காலையில். தேர்வுப் பணி வேண்டாம். இடையே இருபது நிமிடம் சத்தமில்லாத ஓர் அறை. பிறகு வாரத்துக்கு ஒரு பீரியட் கூட்டலாம் என்று எழுதினேன். தலைமையாசிரியை நூலக அறையைத் திறந்துவிட்டார். பேப்பர் திருத்துவதை ஒரு அமர்வுக்கு ஐந்து என்று தொடங்கினோம், அலாரம் வைத்து. பெரும்பாலானோர் மூன்று மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. முன்பே ஒற்றைத் தலைவலியோ மனச்சோர்வோ உள்ளவர்கள், ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டவர்கள் இதில் அதிகம். ஆசிரியைக்கு ஐந்து மாதம் ஆனது. மாமியாரையும் ஒருநாள் வரச்சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கட்டைவிரல் பயிற்சியைப் பார்க்கவைத்தேன். அடுத்த முறை மாமியார்தான் நேரம் பார்த்துச் சொன்னார்.

குணமாகும்வரை அவருக்கு நான் கண்டிப்பாகத் தடுத்தது ஒன்றுதான்: இன்னொரு அடி படக்கூடிய எதுவும் வேண்டாம், ஸ்கூட்டி உட்பட. முதல் காயம் ஆறும்முன் விழும் இரண்டாவது அடி என்ன செய்யும் என்பதற்கு வில் புகோவ்ஸ்கியைவிடப் பொருத்தமான ஆளை எனக்குத் தெரியாது. 2021 ஜனவரியில் சிட்னியில் நம் அணிக்கு எதிராகத் தன் முதல் டெஸ்ட்டில் 62 ரன் அடித்தவர். தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு, 2025-ல் 27 வயதிலேயே ஆட்டத்தை விட்டு விலகினார். அவரைப் பற்றி அடுத்த வாரம்.