ஒட்டு நாடா விஞ்ஞானி ஸர் ஆந்த்ரே கைம்

மாஞ்செஸ்டர் என்றால் நம் பாட்டன்மார் காலத்தில் மில் துணி என்றே பொருள். அத்துணியைத் தெருவில் குவித்துத் தீயிட்ட தலைமுறையின் வழிவந்தவர்கள் நாம். அதே நகரத்திலிருந்து 2004-ம் வருஷம் வேறொரு சரக்கு வெளிவந்தது. அதையும் ஒரு வகைத் துணி என்றே சொல்லலாம். ஆனால் அதன் கனம் ஓரணு அளவே. கரியின் அணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோணமாகக் கைகோத்து நிற்கும் அத்தகட்டுக்குக் கிராபீன் என்று பெயர். அதைத் தனியே பிரித்துக் காட்டிய இருவரில் மூத்தவரான பெளதிக சாஸ்திரி ஸர் ஆந்த்ரே கைம் என்பவரின் சரித்திரத்தை நம் நேயர்கள் அறிந்துகொள்வது நலமென்று கருதுகிறோம்.

பிரிட்டிஷ் விஞ்ஞானி என்று இன்று உலகம் கொண்டாடும் இவர் பிரிட்டனில் பிறந்தவரல்லர். 1958-ல் ருஷ்யாவின் கருங்கடற்கரையிலுள்ள ஸோச்சி நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் எஞ்சினீயர்கள், ஜெர்மானிய வம்சத்தவர். சோவியத் ராஜ்யத்தில் ஒருவர் எந்த இனத்தவர் என்பது சர்க்கார் தஸ்தாவேஜிலேயே எழுதப்பட்டிருக்கும். கைம் குடும்பத்தார் பலர் ஸ்டாலின் காலத்துக் கட்டாய உழைப்பு முகாம்களில் பல ஆண்டுகளைக் கழித்தவர்கள். இளம் பிராயத்தில் சிறுவன் வளர்ந்தது பாட்டியிடம். அந்த அம்மாள் வானிலை ஆராய்ச்சியில் வேலை பார்த்தவர்.

பள்ளிப் படிப்பை மிகச் சிறப்பாக முடித்த அவ்விளைஞர் மாஸ்கோவிலிருந்த ஒரு பெரிய எஞ்சினீயரிங் கலாசாலையின் பிரவேசப் பரீட்சைக்குச் சென்றார், தேறவில்லை. ஊர் திரும்பித் தம் தகப்பனார் வேலை பார்த்த தொழிற்சாலையில் சில மாதங்கள் உழைத்துக்கொண்டே, கணிதத்தையும் பெளதிகத்தையும் மறுபடியும் கரைத்துக் குடித்தார். அடுத்த வருஷமும் அதே கலாசாலை, அதே முடிவு. இரண்டாம் தடவைதான் அவருக்கு சூட்சுமம் விளங்கிற்று. அந்நியப் பெயருடையவர்களை மட்டும் தனி அறையில் உட்காரவைத்து, யாராலும் எளிதில் விடை கூற முடியாத கேள்விகளைக் கொடுத்தார்களாம்! மதிப்பெண் குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் ஆட்சேபிக்க யாருக்கு வாய் உண்டு? வாசலை அடைப்பதற்குப் பரீட்சையைக் காட்டிலும் நாகரிகமான பூட்டு கிடையாது. நல்ல வேளையாக, மாஸ்கோ பெளதிக-தொழில்நுட்பக் கலாசாலை அவருடைய பெயரைப் பாராமல் விடைகளைப் பார்த்தது. 1987-ல் டாக்டர் பட்டமும் கிடைத்தது.

1990-ல் ஆறு மாத உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்திலுள்ள நாட்டிங்ஹாமுக்கு வந்தார். அங்கே பிறர் ஆராய்ந்துவிட்டு ஓர் இழுப்பறையில் போட்டு வைத்திருந்த மாதிரிகளை எடுத்துத் தம் வேலையைத் தொடங்கினார். மிச்சம் மீதியில் கை வைக்கும் இந்தப் பழக்கத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பிறகு பாத், கோபன்ஹேகன் என்று சுற்றி, 1994-ல் ஹாலந்து தேசத்தின் நைமேகன் ஸர்வகலாசாலையில் உத்தியோகம் ஏற்றார். அங்கே ஒரு வெள்ளிக்கிழமை மாலை, முழு விசையில் ஓடிக்கொண்டிருந்த மிகப் பலம் வாய்ந்த மின்காந்தத்துக்குள் தண்ணீரை ஊற்றினார். விலையுயர்ந்த கருவிக்குள் தண்ணீர் ஊற்றுவதாவது என்று நாம் திடுக்கிடுகிறோம். ஆனால் தண்ணீர் கீழே வடியாமல் உருண்டை உருண்டையாக அந்தரத்தில் நின்றது. தண்ணீரைக் காந்தம் மிக மிக இலேசாகத் தள்ளும். காந்தம் போதிய பலமுடையதானால் அந்தத் தள்ளலே பூமியின் இழுப்பைச் சமன் செய்துவிடும். உயிர்களின் உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தானே? ஆகவே ஒரு சிறு தவளையையும் மிதக்க விட்டார். தவளைக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை. 2000-ம் வருஷம் இதற்காக, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்கு அளிக்கப்படும் இக்நோபல் என்னும் வேடிக்கைப் பரிசை மைக்கேல் பெர்ரியுடன் பகிர்ந்துகொண்டார். தாம் வளர்த்த ஹாம்ஸ்டர் என்னும் எலி இனப் பிராணியை ஒரு கட்டுரையின் கூட்டாசிரியராகச் சேர்த்த குறும்பரும் இவரே.

2001-ல் மாஞ்செஸ்டருக்கு வந்தார். நைமேகனில் இவரிடம் பயின்ற கான்ஸ்டன்டீன் நோவோஸெலோவ் என்ற ருஷ்ய இளைஞரும் உடன் வந்தார். கிராபைட்டை எவ்வளவு மெல்லியதாக ஆக்க முடியும் என்று பார்க்க விரும்பிய கைம், ஒரு மாணவரிடம் ஒரு துண்டைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். நாட்கணக்கில் தேய்த்துக் கிடைத்ததோ ஒரு சிறு துணுக்கு; அதுவும் வேண்டியதைவிடப் பன்மடங்கு தடித்திருந்தது. அச்சமயம் ஒரு சகா குறுக்கிட்டு, கிராபைட்டின் மேற்பரப்பைச் சுத்தம் செய்யத் தாங்கள் ஒட்டு நாடாவை ஒட்டி உரித்தெடுப்பது வழக்கமென்று சொன்னார். உரித்த நாடா குப்பைக் கூடைக்குப் போய்விடும். அந்தக் குப்பையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். மாணவர் தேய்த்ததைவிட எத்தனையோ மெல்லிய ஏடுகள் அதில் ஒட்டியிருந்தன!

ஒரு மில்லிமீட்டர் கிராபைட்டில் சுமார் 30 லட்சம் ஏடுகள் அடங்கும். நாடாவால் மறுபடி மறுபடி உரித்து, முடிவில் ஒற்றை ஏட்டையே பிரித்தார்கள். இத்தகைய ஏடு தனியே நிலைத்திராது என்பது அறிஞர் பலரின் அபிப்பிராயமாக இருந்தது. இவர்களுடைய கட்டுரையை 'நேச்சர்' பத்திரிகை இருமுறை திருப்பியனுப்பியது. 2004 அக்டோபரில் 'ஸயன்ஸ்' பத்திரிகை பிரசுரித்தது. அந்த ஏடு தன்மீது விழும் ஒளியில் 2.3 சதவீதத்தையே உட்கொள்கிறது என்று 2008-ல் அளந்து எழுதிய கட்டுரையின் முதல் ஆசிரியர் நம் தேசத்தவரான ராகுல் நாயர் என்பதைப் பெருமையுடன் குறிப்பிடுகிறோம்.

எஃகினும் பன்மடங்கு உறுதியுள்ள இப்பொருளால் உலகமே மாறிவிடப் போகிறதென்று பத்திரிகைகள் முழங்கின. அவற்றில் பாதிக்கு மேல் இன்னும் கைகூடவில்லை. சிலிக்கன் தன் சிம்மாசனத்திலேயே அமர்ந்திருக்கிறது. பிறர் வீண் நம்பிக்கை கொள்வதற்கு ஆராய்ந்தவர் பொறுப்பாளியல்லர் என்பது நம் கருத்து.

2010-ல் கைமும் நோவோஸெலோவும் நோபல் பரிசு பெற்றார்கள். அவ்வேளை கைம் ஹாலந்துப் பிரஜை. 2012-ல் பிரிட்டன் ஸர் பட்டம் அளித்தது. ஸ்டாக்ஹோமிலுள்ள நோபல் காட்சிசாலைக்கு இருவரும் கொடுத்தவை மூன்று: ஒரு கிராபைட் கட்டி, கிராபீனால் செய்த ஒரு டிரான்ஸிஸ்டர், மேஜைமேல் வைக்கும் சாதாரண ஒட்டு நாடாச் சுருள் ஒன்று.