கேமரன் மலையில் இருந்தபடியே மென்பொருள் வேலை: எங்கே தேடுவது? எதில் கவனம் தேவை?

கேமரன் மலைத் தோட்டங்களில் வளர்ந்து கணினித் துறையில் படித்த நம் பிள்ளைகள், வேலைக்காகக் கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் என மலையிறங்குவதே வழக்கம். அறை வாடகை, சாப்பாட்டுச் செலவு போக வீட்டுக்கு அனுப்ப அதிகம் மிஞ்சுவதில்லை. தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ இருந்துகொண்டே இணையம் வழி செய்யும் மென்பொருள் வேலைகளும் உள்ளன. ஆனால், அவற்றைத் தேடும் முறை வேறு.

எங்கே தேடுவது?

லிங்க்ட்இன், ஜாப்ஸ்ட்ரீட் ஆகிய தளங்களில் 'ரிமோட்' வேலைகளை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் இலவசமாகப் பதியலாம். 'வீ வொர்க் ரிமோட்லி' போன்ற வெளிநாட்டுத் தளங்களில், எந்த நாட்டில் வசிப்பவர் விண்ணப்பிக்கலாம் என்பதை முதலில் படியுங்கள். 'ரிமோட்' என்று போட்டிருந்தாலும் அமெரிக்காவில் வசிப்பவர்களை மட்டுமே எடுக்கும் நிறுவனங்கள் பல. சிங்கப்பூருக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால், அங்குள்ள நிறுவனங்கள் நமக்கு வசதி.

சான்றிதழா, செய்த வேலையா?

நேரில் பார்க்காத ஒருவரை வேலைக்கு எடுப்பவர், அவர் செய்து முடித்ததைப் பார்க்க விரும்புவார். எனவே, நீங்கள் எழுதிய நிரல்களை கிட்ஹப் தளத்தில் வையுங்கள். காய்கறித் தோட்டக் கணக்கு, ஹோம்ஸ்டே முன்பதிவு என நம் ஊருக்குப் பயன்படும் சிறு செயலி இரண்டு போதும். அவை சரியாக இயங்க வேண்டும். ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் கட்டணமின்றிப் பயிலலாம்.

தமிழ்நாட்டின் சோஹோ நிறுவனம் 2011இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அது அலுவலக வேலைதான். ஆனால், பட்டம் இல்லாத இளைஞர்களுக்கும் பயிற்சி தந்து மென்பொருள் வேலையில் அமர்த்த முடியும் என்பதை அந்நிறுவனம் காட்டியது.

நேர்காணல் பெரும்பாலும் காணொலி வழியே நடக்கும். மழையிலும் மூடுபனியிலும் வீட்டில் லைன் எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே சோதியுங்கள். லைன் சரியில்லை என்றால், அருகில் நாடி இணைய மையம் உள்ளதா என்று விசாரியுங்கள்.

பணம் கேட்டால் விலகுங்கள்

உண்மையான முதலாளி பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முன்பணம் எதுவும் கேட்க மாட்டார். நேர்காணலே இல்லாமல் வாட்ஸ்அப், டெலிகிராமில் வரும் 'வேலை'யை நம்பாதீர்கள். உள்ளூர் நிறுவனம் என்றால் எஸ்எஸ்எம் பதிவைப் பாருங்கள். பணம் கட்டச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணை போலீசின் செமாக் மியூல் தளத்தில் சோதிக்கலாம். பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 எண்ணுக்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் வேறு கணக்குகளுக்கு மாறிவிடும்.

சேமநிதியை மறக்காதீர்கள்

வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கின்றன. அப்படியானால் இபிஎஃப், பெர்கேசோ பிடித்தம் இருக்காது. இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் நீங்களே சேமித்தால் அரசும் ஒரு தொகை சேர்க்கும். சுயதொழில் செய்வோருக்கான பெர்கேசோ பாதுகாப்பும் உண்டு. வருமான வரிக் கணக்கையும் நீங்களே தாக்கல் செய்ய வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை நாள் முழுதும் கணினி முன் இருந்தால் சும்மா இருப்பதாக எண்ணாதீர்கள். முதல் வேலை கிடைக்க மாதங்கள் ஆகலாம். அதுவரை அவர்களுக்குத் தேவை ஒரு மேசை, நல்ல லைன், கொஞ்சம் பொறுமை.