வான்வழித் தொலைவும் பயண நேரமும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் விளங்கிய பாண்டியர் துறைமுகம் கொற்கை. அதன் முத்து மேலை நாடுகளிலும் புகழ்பெற்றிருந்தது. முத்தும் மிளகும் நாடி அரபிக்கடலைக் கடந்த பாய்மரக் கலங்களைத் தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவை நோக்கிச் செலுத்தியது. வடகிழக்குப் பருவக்காற்று திரும்பிச் செல்ல உதவியது. கடல்வழியின் தொலைவு ஒன்றே ஆயினும், பயண நாள்கள் காற்றைப் பொறுத்துக் கூடின, குறைந்தன. வானூர்திப் பயணத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும்.

மிகக் குறுகிய வழி

திருநெல்வேலிக்கு அண்மையிலுள்ள வானூர்தி நிலையம், தூத்துக்குடிச் சாலையில் வாகைகுளத்தில் அமைந்துள்ளது. அங்கிருந்து சென்னைக்குச் சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 600 கி.மீ.; வான்வழித் தொலைவோ ஏறத்தாழ 525 கி.மீ. உலக உருண்டை ஒன்றில் இரண்டு ஊர்களைத் தொடுமாறு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், நூல் படியும் வழியே அவற்றிற்கு இடையிலான மிகக் குறுகிய வழியாகும். அது புவியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு பகுதி. தொலைதூர ஊர்களுக்கு இடையே இவ்வழி, தட்டையான நிலப்படத்தில் பெரும்பாலும் வளைந்து தோன்றும்.

ஓடுபாதையும் வேகமும்

வாகைகுளத்தின் ஓடுபாதை நெடுங்காலம் 1,350 மீட்டர் நீளமே கொண்டிருந்தது. எனவே, மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் செல்லும் உந்துசுழலி வானூர்திகளே அங்கு இயங்கின. ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால், சென்னைக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தேவைப்பட்டது. மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் விரையும் ஜெட் வானூர்திகளுக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். அதற்காக ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டது; 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது.

காற்றின் பங்கு

ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வலிய காற்றோட்டம் வீசுகிறது. தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவிற்கு அட்லாண்டிக் வழியாக, எதிர்க்காற்றில் 13,900 கி.மீ. பறந்து வந்த ஏர் இந்தியா வானூர்தி, 2016 அக்டோபரில் பசிபிக் வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்றது. தொலைவு 15,300 கி.மீ. ஆகக் கூடியது, பின்காற்றின் துணையால் பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சமாயிற்று.

கடிகாரக் கணக்கு

புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டைச் சார்ந்தது. ஆகவே கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. குளிர்காலத்தில் சென்னையில் காலை 6 மணிக்குப் புறப்படும் வானூர்தி, இலண்டன் நேரப்படி முற்பகல் 11.30 மணிக்குச் சேர்ந்தால், பறந்த நேரம் ஐந்தரை மணி அன்று, பதினொரு மணி.

தந்தையின் நோய்ச்செய்தி கேட்டு அயல்நாட்டிலிருந்து பாளையங்கோட்டைக்கு விரையும் மகன், எப்போது வீடு சேர்வோம் என்பதையே முதலில் கணக்கிடுவான். பறக்கும் நேரம், இணைப்பு வானூர்திக்குக் காத்திருக்கும் நேரம், வாகைகுளத்திலிருந்து சாலையில் செல்லும் நேரம் ஆகிய மூன்றையும் கூட்டி, கடிகார வேறுபாட்டையும் சரிசெய்தால்தான் அவனுக்கு உரிய விடை கிடைக்கும்.