மருந்தும் மையும் மன்றமும்

வைத்தியர் ஒருவர் அரசியலில் இறங்கலாமா என்னும் வினா அண்மைக் காலமாக நம் நாட்டில் அடிக்கடி எழுகின்றது. 2024-ஆம் ஆண்டில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் நிலைமை பற்றி முகநூல் நேரலைகளில் பேசிப் பெயர் பெற்ற டாக்டர் இராமநாதன் அர்ச்சுனா, அவ்வாண்டு நவம்பர் மாதத் தேர்தலில் சுயேச்சைக் குழுவொன்றில் நின்று பாராளுமன்றம் புகுந்தார். அது முதல் யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் மட்டுமன்றி, திருகோணமலைக்கு வடக்கே நம் இறக்கக்கண்டிக் கரையில் வலை திருத்துவோரிடையேயும் இவ்விவாதம் நடைபெறுகின்றது. "நோயாளியைப் பார்க்க வேண்டியவருக்கு மேடை எதற்கு?" என்பர் ஒரு சாரார். "நோயை அறிந்தவர் பேசாவிடின் வேறு யார் பேசுவது?" என்பர் மறு சாரார்.

இன்றைய மனிதர் எவரையும் எடைபோடுவது நம் நோக்கமன்று. இவ்வினா புதியதன்று என்பதையும், முகநூல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே இலங்கையில் ஒரு பெண் வைத்தியர் தம் வாழ்வாலேயே இதற்கு விடை கூறிச் சென்றார் என்பதையும் எடுத்துக் காட்டவே விழைகின்றோம். அவர் டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார்.

கடல் கடந்து வந்த மருமகள்

கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1873-ஆம் ஆண்டில் பிறந்தவர் மேரி ஏர்வின். பெண்கள் வைத்தியம் கற்பதே அரிதாயிருந்த அக்காலத்தில் ரொறன்ரோ நகரில் வைத்தியம் பயின்று தேறினார். அமெரிக்க மிஷனின் வைத்தியப் பணிக்காக யாழ்ப்பாணம் செல்ல அவர் தெரிவு செய்யப்பட்டார். புறப்படுமுன், இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவர் சாமுவேல் இரத்தினம் என்பவரை மணந்து கொண்டார். வெள்ளைப் பெண் ஒருத்தி தமிழரை மணந்ததை மிஷனைச் சேர்ந்தோர் விரும்பவில்லை. தொண்டு செய்ய வந்த இடத்திலேயே அவர் ஒதுக்கி வைக்கப்பட்டார் எனலாம்.

மனம் உடைந்து ஊர் திரும்பியிருந்தால் அவரைக் குறை கூறுவார் இலர். அவரோ கணவருடன் கொழும்புக்குச் சென்றார். லேடி ஹவலொக் மகளிர் வைத்தியசாலையில் பணி புரிந்தார். பின்னர்த் தாமே தனியாக வைத்தியம் நடத்தினார். ஆண் வைத்தியரிடம் செல்லக் கூசிய பெண்கள் அவரை நாடி வந்தனர். தமிழ்க் குடும்பத்தின் மருமகளான அவர், 1909-ஆம் ஆண்டில் கொழும்பில் தமிழ் மாதர் சங்கம் தோன்றியபோது அதன் முன்னோடிகளுள் ஒருவராகவும் விளங்கினார்.

சீட்டில் அடங்காத நோய்

அக்காலத் தாய்மாரின் நிலையை இன்றைய மாணவர் எண்ணிப் பார்ப்பதும் கடினம். 1930-களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000-க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அஃதாவது, ஐம்பது பிரசவங்களுக்கு ஒரு தாய் என்னும் விகிதத்தில் உயிர் போயிற்று. ஊரில் ஐம்பது குழந்தைகள் பிறந்தால், அவற்றுள் ஒன்று தாய் முகம் அறியாது வளரும். மலேரியாக் காய்ச்சல், இரத்தச் சோகை, அடுத்தடுத்த பேறு, துப்புரவற்ற பிரசவம் ஆகிய யாவும் சேர்ந்தே அவ்வுயிர்களைக் கொண்டு சென்றன.

வைத்தியசாலையில் அமர்ந்திருக்கும் வைத்தியர் இதற்கு என் செய்வார்? படியேறி வருபவளுக்கு மருந்து கொடுக்கலாம். படியேறி வர வழியில்லாதவளுக்கு? வந்தவளுங்கூட அதே கிணற்று நீருக்கும் அதே அரை வயிற்று உணவுக்குமே திரும்புகிறாள் அல்லவா? மருந்துச் சீட்டில் அடங்காத நோய் ஒன்று உண்டு என்பதை மேரி அம்மையார் கண்டு கொண்டார். அதன் ஒரு வேர் அறியாமை. மற்றொரு வேர் உரிமையின்மை.

அறியாமைக்கு மருந்தாக அவர் எழுதுகோலை எடுத்தார். பாடசாலைகளுக்கெனச் சுகாதார நூல் எழுதினார், மனையியல் கற்பிக்கும் ஆசிரியருக்கும் நூல் எழுதினார், பத்திரிகைகளிலும் எழுதினார். கைகழுவுதல், பால் காய்ச்சுதல், குழந்தைக்கு ஊட்டுதல் முதலியவற்றை எழுதுவதில் பெருமை என்ன இருக்கின்றது என்று சிலர் எண்ணலாம். பாடநூலில் ஏறிய ஒரு செய்தி, வைத்தியர் கால் படாத வீட்டுக்குள்ளும் பிள்ளையின் புத்தகப் பையில் அமர்ந்து நுழைந்துவிடும். அன்றைய நேரலை அதுவே!

1930-ஆம் ஆண்டில் அவர் தொடக்கி வைத்த லங்கா மகிளா சமிதி இவ்வழியின் அடுத்த படி. அவர் பிறந்த ஒன்ராறியோவில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்னும் தாய், கெட்டுப் போன பாலால் தம் கைக்குழந்தையை இழந்ததாக நம்பினார். ஏனைய தாய்மாருக்கு அத்துயர் நேரலாகாது என்று அவர் முயன்றதன் பயனாக, 1897-இல் முதல் மகளிர் நிலையம் ஸ்டோனி கிறீக் என்னும் ஊரில் தோன்றியது. அந்த வித்தையே மேரி அம்மையார் இலங்கைக் கிராமங்களில் ஊன்றினார். கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடி உணவு, தோட்டம், கைத்தொழில், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர்.

வாக்குச் சீட்டும் ஒரு மருந்து

உரிமையின்மைக்கு மருந்து எழுதுகோல் மட்டுமன்று. 1927-ஆம் ஆண்டில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தபோது அம்மையார் அதில் முன் நின்றார். மறு ஆண்டில் டொனமூர் ஆணைக்குழுவின் முன் அச்சங்கத்தார் சாட்சியம் அளித்தனர். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கே வாக்களிக்கலாம் என்றுதான் ஆணைக்குழு முதலில் விதந்துரைத்தது. முடிவில் ஆண் பெண் இருபாலாருக்கும் 21 வயதில் வாக்குரிமை கிடைத்தது. 1931-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கைப் பெண்கள் வாக்களித்தனர். மறு ஆண்டே நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண்மணி கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

1937-ஆம் ஆண்டில் மேரி அம்மையாரே தேர்தலில் நின்று கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். அச்சபைக்குத் தெரிவான முதற் பெண் அவரே. ஆயினும் சில காலத்திலேயே சட்ட நுணுக்கம் ஒன்றினால் ஆசனத்தை இழந்தார்.

இவ்விடத்தில் வாசகர் சற்றே நின்று கவனித்தல் வேண்டும். ஆசனம் போயிற்று, அம்மையாரின் பணி போகவில்லை. ஆசனத்துக்கு முன் செய்த வேலையையே ஆசனத்துக்குப் பின்னும் செய்தார். மன்றம் அவருக்கு வைத்தியப் பையிலிருந்த மற்றொரு கருவி; அவ்வளவே.

வாக்கு எவ்வாறு மருந்தாகும் என்று ஐயுறுவோர் உளர். வாக்குக் கேட்டு வருபவர் தாய்மாரையும் நாட வேண்டிய நிலை வந்தபின், கிராமத்துப் பிரசவ விடுதியும் மருத்துவமாதும் தேர்தற் பேச்சாயின. களுத்துறையில் 1926-இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை ஏனைய பகுதிகளுக்கும் பரவியது. பயிற்சி பெற்ற மருத்துவமாதர் வீடு தேடிச் சென்றனர், மலேரியா அடக்கப்பட்டது, 1945-இல் இலவசக் கல்வியும் வந்தது. இவையெல்லாம் சேர்ந்ததன் பயன் என்ன? அன்று இலட்சத்துக்கு 2,000-க்கு மேலிருந்த தாய் மரணம் அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 30 என்னும் அளவுக்கு இறங்கியுள்ளது. இன்று இறக்கக்கண்டியில் கருவுற்ற பெண் ஒருத்தியின் வீட்டு வாசலில் மருத்துவமாது வந்து நிற்கிறாள் என்றால், அந்த வருகைக்குப் பின்னால் மருந்தும் உண்டு, மையும் உண்டு, மன்றமும் உண்டு.

மணிலாவிலிருந்து வந்த மதிப்பு

1958-ஆம் ஆண்டில் பிலிப்பைன் நாட்டில் ரமோன் மகசேசே விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. ஆசாரிய வினோபா பாவே அவர்களும் விருது பெற்ற அந்த முதல் வரிசையில், பொதுச் சேவைக்கான விருது எண்பத்தைந்து வயதான மேரி அம்மையாருக்குக் கிடைத்தது. நான்கு ஆண்டுகளின் பின் அவர் மறைந்தார்.

அவ்விருது மணிலாவிலிருந்து வந்தமை மிகப் பொருத்தம். அந்நாட்டின் தேசிய வீரரான ஹோசே ரிசால் கண் வைத்தியர். தம் தாயின் கண்ணுக்கே சத்திர சிகிச்சை செய்தவர். ஸ்பெயினின் ஆட்சியில் தம் மக்கள் பட்ட துயரை நாவல்களாகவும் பத்திரிகைக் கட்டுரைகளாகவும் எழுதினார். 1892-இல் மக்கள் சங்கம் ஒன்றை அமைத்ததும் தொலைவான ஊருக்கு அனுப்பப்பட்டார். சிறைக்கு ஒப்பான டபிடான் என்னும் ஊரிலும் நோயாளரைப் பார்த்தார், சிறுவருக்குக் கற்பித்தார், ஊருக்குக் குடிநீர் கொண்டு வந்தார். 1896 டிசம்பர் 30-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் 1882-இல் ஐரோப்பா செல்லும் வழியில் கொழும்பிலும் இறங்கிச் சென்றவர் என்பது நமக்கு ஓர் இனிய செய்தி.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இக்கதை உண்டு. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வைத்தியம் கற்றார். 'ஸ்திரீ தர்மம்' பத்திரிகையை நடத்தினார். சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராகித் தேவதாசி முறையை எதிர்த்தார். 1930-இல் மன்றத்தை விட்டு விலகினார், வைத்தியத்தை விடவில்லை. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்தது அவரது முயற்சியால் அன்றோ!

ஆகவே, வைத்தியர் அரசியலுக்கு வரலாமா என்னும் வினாவுக்கு, "வரலாம்" என்றே வரலாறு விடை கூறுகின்றது. ஆனால் அத்துடன் ஓர் உரைகல்லையும் நம் கையில் தருகின்றது. அவர் பேச்சின் நடுவே நிற்பவர் நோயாளியா, தாமா? குறை கூறியபின் அக்குறை தீரும்வரை உழைக்கிறாரா? ஆசனம் போனால் திரும்பிச் செல்ல அவருக்கு நோயாளர் இருக்கின்றனரா?

வைத்தியராக விரும்பும் மாணவ மாணவியரே! உங்கள் கையில் அம்மையார் கண்டிராத கருவி இருக்கின்றது. ஒரு சொல்லை ஒரு நொடியில் ஊரெங்கும் கொண்டு செல்லும் கருவி அது. நல்ல மருந்தையும் அது கொண்டு செல்லும். நோயாளியின் இரகசியத்தையும் அதுவே கொண்டு செல்லும். எதை அனுப்புவது என்று தெரிந்து கொள்வதும் வைத்தியப் படிப்பின் ஒரு பகுதியே.